அழுகை அடங்கும் கை

வேல்சாமி பிறக்கும்போது கால்தான் முதலில் வந்தது. சாயல்குடிக்கு வடக்கே நான்கு மைல் உள்ளே இருந்த அந்த ஊரில் அது ஒரு தகுதி. இடுப்புப் பிடித்துக்கொண்டவர்களைக் காலால் பிறந்தவன் மிதித்தால் விட்டுவிடும் என்பார்கள். எட்டு வயதிலிருந்தே அவரைக் கூட்டிப்போய் முதுகுகளில் ஏற்றினார்கள். குப்புறப் படுத்திருக்கும் ஆளின் மேல் குறுக்கே மூன்று தடவை நடக்க வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். சிலருக்கு விட்டது. விடாதவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

மிதித்ததெல்லாம் கூலிக்காரர்களின் முதுகு. மிளகாய்க் காடும் கண்மாய்க்குக் கீழே வயலும் வைத்திருந்த வீடுகளில் யாருக்காவது பிடித்துக்கொண்டால் சாயல்குடியிலிருந்து வைத்தியர் சைக்கிளில் வருவார். வேல்சாமியின் கால் அந்த முதுகுகளில் படக்கூடாது. அதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எழுபத்தேழில் அவருக்கு மகன் பிறந்தான். மனைவி பூமயிலுக்குத் தலைப்பிள்ளை. மூன்றாவது வாரத்திலிருந்து பொழுது சாய்ந்தால் அழத் தொடங்கினான். முகம் கறுத்துச் சிவக்கும். முழங்கால் இரண்டும் வயிற்றோடு மடங்கும். பாலை நாலு வாய் இழுப்பான், காம்பை விட்டுவிடுவான், முதுகை வில்லாக வளைத்துக் கத்துவான். வயிறு உப்பியிருக்கும்.

அடுத்த வீட்டு இருளம்மாள் வந்து பூமயிலிடம் கேட்டாள்.

"என்னத்தத் தின்ன?"

"கம்பங்கூழுதான்."

"வேற?"

"மொச்சப்பயறு நாலு."

"அதான். நீ தின்ன மொச்ச அவன் வயித்துல காத்தா நிக்கிது. தண்ணியக் கொறடி. நீ குடம் குடமாக் குடிச்சா அவன் வயிறு ஊதத்தான் செய்யும்."

தண்ணீரைக் குறைத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு செம்பு. பூண்டும் சுட்ட கருவாடும் மட்டும் தின்னக் கொடுத்தார்கள். வசம்பைச் சுட்டுக் கரியாக்கி, எண்ணெயில் குழைத்துப் பிள்ளையின் தொப்புளைச் சுற்றிப் பூசினார்கள். பூமயிலின் உதடு வெடித்தது. பால் குறைந்தது. பிள்ளை இன்னும் அதிகமாக அழுதான்.

கல்யாணத்துக்கு முன் வேல்சாமி ஆட்டுக்கிடையில் இருந்தவர். கோடையில் ஊர் ஊராகப் போய் வயலில் கிடை போடும் கூட்டம். பால் குடித்த குட்டி சில நேரம் வயிறு ஊதிக் கத்தும். அதை முன்னங்கையில் குப்புறப் போட்டுக்கொண்டு நடப்பார். கை எலும்பு அடிவயிற்றில் பதியும். இன்னொரு கையால் முதுகைத் தடவிக்கொண்டே போனால் காற்று வெளியேறிவிடும்.

ஒரு சாயங்காலம் மகனை அப்படி எடுத்தார். தலை முழங்கை மடிப்பில். கால்கள் அவர் விரல்களுக்கு இரண்டு பக்கமும் தொங்கின.

"பிள்ளையத் தூக்குறீகளா, ஆட்டுக்குட்டியத் தூக்குறீகளா?" என்றாள் பூமயில்.

அவர் வாசலுக்கும் வேலிக்கும் நடந்தார். முதுகில் கீழிருந்து மேலாகத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் பெரிய ஆள் விடுவதுபோல் ஓர் ஏப்பம் வந்தது. பின்னாலேயே கீழும் காற்றுப் பிரிந்தது. பிள்ளையின் முஷ்டி விரிந்தது. தூங்கிவிட்டான்.

அவர் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு பூமயிலிடம் நீட்டினார்.

"குடி."

"இருளம்மா வையும்."

"தண்ணி காட்டாத ஆட்டுக்கு மடி எப்படி ஊறும்? குடி."

மறுநாள் இருளம்மாள் தன் மகளுடைய பிள்ளையோடு வந்தாள். வேல்சாமி அதையும் அடக்கினார். எப்படி என்று அவளுக்குச் சொன்னார். முன்னங்கை, முழங்கை மடிப்பு, முதுகில் தட்டு, நடை. அவ்வளவுதான், ஆட்டுக்குச் செய்வது.

"நீ சொல்லுவப்பா. கால்ல பிறந்த ஆளு. கை தன்னால வரும். எங்க வீட்டு ஆம்பள தூக்குனா அழுகுறது அதிகமால்ல ஆகும்."

இன்னும் மூன்று நான்கு பேரிடம் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

மிளகாய்ப் பழம் எடுக்கும் மாதங்களில் பெண்கள் காட்டிலிருந்து நேராக அவர் வாசலுக்கு வருவார்கள். அவர் கையிலும் மிளகாய் எரியும். முதலில் புளித்தண்ணீரில் கழுவுவார். பிறகு நல்லெண்ணெய் தடவித் தேய்த்து, மறுபடி கழுவி, உள்ளங்கையைத் தன் உதட்டில் வைத்துப் பார்ப்பார். எரியவில்லை என்றால்தான் பிள்ளையை வாங்குவார். வரிசையில் இருந்தவர்கள் அதையும் மந்திரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆண்கள் கேலி பேசினார்கள். தெருவில் போகும்போது வீரபத்திரன் நின்று கேட்பான்.

"ஏலே வேல்சாமி, தட்டுறதோட சரியா, பாலும் குடுப்பியா?"

"நீ குடிக்கிறத நிப்பாட்டுனா ஒம்பிள்ளைக்கு மாட்டுப்பாலாவது கெடைக்கும். போ."

மிளகாய்க் காட்டுக்காரர்கள் வீட்டிலிருந்தும் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். கொல்லைப்புறமாக வரச் சொன்னார்கள். முறத்தில் பழைய சேலையை விரித்துப் பிள்ளையைக் கிடத்தி, முறத்தைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள். அவர் குனிந்து எடுத்தார். அடங்கியதும் முறத்தில் கிடத்தினார். அவர் வேலியைத் தாண்டுவதற்குள் உள்ளே பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

எண்பத்தாறு பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வேல்சாமி குருநாதனின் களத்தில் மிளகாய் வற்றலைக் காலால் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தார். பதினொரு மணி இருக்கும். குருநாதன் தானே களத்துக்கு வந்தார். செருப்போடு வற்றல் மேல் நடந்து வந்தார்.

"கையக் கழுவிட்டு வீட்டுக்கு வா. முன்வாசல் வழியா வா."

குருநாதனுக்கு நாகலெட்சுமி என்று ஒரு தங்கச்சி. தாய் தகப்பன் இல்லை. தொண்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். தலைப்பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்து பெண் பிள்ளை பெற்றிருந்தாள். பிள்ளைக்கு ஐம்பது நாள். வருகிற வெள்ளிக்கிழமை புருஷன் வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போவதாக இருந்தது. அதற்காக முன்வாசலில் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள்.

பந்தலுக்கு வெளியே குருநாதனின் மனைவி வீரலட்சுமி அவர் கைக்கு மோர் ஊற்றினாள். அவர் தேய்த்துக் கழுவி, உள்ளங்கையை உதட்டில் வைத்துப் பார்த்தார். அவள் உள்ளே போய் முறத்தை எடுத்து வந்து தரையில் வைத்தாள். மடித்த சேலையை அதில் விரித்தாள்.

உள்ளே அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. வேல்சாமி கேட்டுப் பழகிய அழுகையாக அது இல்லை. சின்னதாக வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

நாகலெட்சுமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தலை அவிழ்ந்திருந்தது. பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது.

"விடியக்காலமிருந்து பால் எடுக்கல. எடுத்தாலும் கக்கிருது."

"நேத்து இவ பலாச்சொள தின்னா" என்றாள் வீரலட்சுமி. "வேண்டாம்னு சொன்னேன்."

"ஒரு சொள மதினி. ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணு போதாதாக்கும்? காத்து அடைக்க எத்தன வேணும்?"

வீரலட்சுமி முறத்தைக் காலால் கொஞ்சம் முன்னே தள்ளினாள். நாகலெட்சுமி முறத்தைப் பார்க்கவில்லை. நேராக வந்து பிள்ளையை வேல்சாமியின் இரண்டு கைகளிலும் வைத்தாள். அவள் விரல்கள் அவர் மணிக்கட்டில் பட்டன. வீரலட்சுமி குனிந்து முறத்தை எடுத்துச் சுவரில் சாத்தினாள்.

அவர் பிள்ளையை முன்னங்கையில் குப்புறப் போட்டார். காற்று நிற்கும் வயிறு எலும்பில் பட்டதும் அமுங்கிக் கொடுக்கும். இது கொடுக்கவில்லை. நாலு எட்டு வைத்ததும் பிள்ளை கக்கியது. அவர் கையில் வழிந்தது பச்சையாக இருந்தது. வேப்பிலையை அரைத்துப் பிழிந்தால் வருகிற பச்சை.

கிடையில் அப்படி மூன்று குட்டிகளைப் பார்த்திருக்கிறார். குடல் முறுக்கிக்கொண்டது என்று கிடைக்குத் தலைவரான கீதாரி சொல்வார். அவற்றைக் கையில் எடுக்க வேண்டாம் என்றும் சொல்வார்.

"மொதலாளி."

"என்ன?"

"பச்சையாக் கக்குது. இது காத்து மாதிரித் தெரியல. ராம்நாட்டுக்குக் கொண்டுபோயிட்டா..."

குருநாதன் தெருவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெள்ளிக்கெழம அவுக வாராக. இப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனா பொழுது அடையுறதுக்குள்ள தொண்டி வரைக்கும் தெரிஞ்சிரும். எங்க பிள்ளைய என்ன செஞ்சு வச்சிருக்கீகன்னு கேப்பாக. அம்மா இல்லாத வீட்டுல விட்டது தப்புன்னு பேசுவாக. ஊரு பூராப் பிள்ளையப் பிடிச்ச கைதான? பிடி."

"இல்ல மொதலாளி, வந்து..."

"பிடிலே."

நாகலெட்சுமி வேல்சாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

"நீ தொட்டா அடங்கும்னு எல்லாரும் சொல்றாங்க வேல்சாமி."

என் கையில் ஒன்றுமில்லை தாயி, ஆட்டுக்குட்டியைத் தூக்குகிற மாதிரித் தூக்குகிறேன், அவ்வளவுதான். இந்த வார்த்தை வாயில் இருந்தது. ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கலாம். அதைச் சொன்னால் அந்தப் பந்தலில் நிற்பதற்கு அவருக்குக் காரணம் இருக்காது. பிள்ளையின் தோல் சூடாக, மெழுகுபோல் அவர் கையில் ஒட்டியிருந்தது. அவள் முறம் இல்லாமல் கையில் கொடுத்த பிள்ளை.

அவர் நடந்தார். பந்தலின் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு. முதுகில் கீழிருந்து மேலாகத் தட்டினார். ஏப்பம் வரவில்லை. கீழும் பிரியவில்லை. அரை மணி நேரத்தில் அழுகை முனகலாக ஆனது. பிறகு முனகலும் இல்லை. தலை முழங்கை மடிப்பில் பாரமாக இறங்கியது. கண் பாதி மூடியிருந்தது.

"அடங்கிருச்சு" என்றாள் வீரலட்சுமி.

நாகலெட்சுமி அவர் கையிலிருந்தே பிள்ளையை வாங்கிக்கொண்டாள். குருநாதன் மூச்சு விட்டார்.

"இரு. சாப்பிட்டுப் போ."

பந்தலில் உட்காரவைத்து இலை போட்டார்கள். வீரலட்சுமி பருப்புக்கு நெய் ஊற்றினாள். முதல் கவளத்தை எடுத்தபோது வேல்சாமிக்கு அந்த மூன்று குட்டிகளும் நினைவுக்கு வந்தன. மூன்றும் கடைசியில் கத்துவதை நிறுத்தின. அவர் கவளத்தை வாயில் வைத்தார். இலையை மீதி வைக்காமல் சாப்பிட்டார்.

பிள்ளை மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன் இறந்தது.

வெள்ளிக்கிழமை தொண்டியிலிருந்து வந்தார்கள். பந்தலைப் பிரித்திருந்தார்கள். யாரும் வேல்சாமியைக் குற்றம் சொல்லவில்லை. கண்ணேறு என்றார்கள். பலாச்சுளை என்றார்கள். குருநாதன் அவரைக் களத்திலிருந்து நிறுத்தவும் இல்லை.

நாகலெட்சுமி ஊருக்குப் போகும் அன்று பஸ் நிற்கும் இடத்தில் வேல்சாமி எதிரே வந்துவிட்டார். அவள் புருஷன் பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் அவரைப் பார்த்ததும் ஓரமாக வந்தாள்.

"நீ தூக்குனதுக்கப்புறம் அது அழவே இல்ல" என்றாள். "வலி தெரியாமப் போச்சு. ஒங்கையிலதான் கடைசியாத் தூங்குனது."

அவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் எந்தப் பிள்ளையையும் வாங்கவில்லை. வாசலுக்கு வந்தவர்களிடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்.

"எங்கையில ஒண்ணும் கெடயாது. முன்னங்கையில குப்புறப் போட்டு நீயே நட. பால் குடிச்சதும் தோள்ல போட்டுத் தட்டு. பச்சையாக் கக்கினா, வயிறு கல்லு மாதிரி இருந்தா நிக்காத. பஸ் ஏறு."

எல்லோரிடமும் இதே வார்த்தைகள். கேட்டவர்கள் நம்பவில்லை. கை போய்விட்டது என்றார்கள் சிலர். காட்டுக்காரர் வீட்டு நெய்ச்சோறு தின்ற பிறகு கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை நாறுகிறது என்றாள் இருளம்மாள், அவர் காதில் விழும்படி. அவள் கைப்பிள்ளைப் பேரனைச் சாயல்குடியில் ஒருவரிடம் கொண்டுபோய் மஞ்சளைச் சுட்டு வயிற்றில் சூடு வைத்துக்கொண்டு வந்தார்கள். புண் ஆற ஒரு மாதம் ஆனது. அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் வேல்சாமி வேறு தெருவழியாகப் போனார். முதுகு மிதிக்கவும் போகவில்லை. பூமயில் ஒரு தடவை கேட்டாள், அந்த வீட்டில் என்ன நடந்தது என்று. நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு எழுந்துபோய் உலைக்கு அரிசி போட்டாள். தொண்ணூற்று நான்கில் பூமயில் மஞ்சள் காமாலையில் செத்தாள். மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். எழுபத்தொன்பதில் பிறந்த மகள் இராமலட்சுமியை முதுகுளத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்.

தொண்ணூற்றொன்பதில் அவள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பையன். சரியாக மூன்றாவது வாரத்தில் சாயங்கால அழுகை தொடங்கியது.

முதல் நாள் அவர் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். இரண்டாம் நாளும் போனார். மூன்றாம் நாள் இராமலட்சுமி பிள்ளையோடு பின்னாலேயே வந்தாள்.

"ஊருப் பிள்ளையெல்லாம் தூக்கினியாம்ல. எம்பிள்ளையத் தூக்க மாட்டியா?"

"பச்சையாக் கக்குச்சா?"

"இல்ல."

"வயித்தத் தொட்டுப் பாத்தியா?"

"நீ தொட்டுப் பாரேன் அய்யா! நான் என்னத்தக் கண்டேன்?"

அவர் தொடவில்லை. மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"கெளம்பு. ராம்நாடு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"இதுக்கா? காத்துக்கு யாராச்சும் ராம்நாடு போவாகளா? எம் மாமியா வீட்டுல கேட்டா சிரிப்பாக."

"சிரிக்கட்டும். கெளம்பு."

இரண்டு மணி நேரம் பஸ்ஸில் பிள்ளை கத்தியது. ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு மணி நேரம் நின்றார்கள். டாக்டர் பிள்ளையின் வயிற்றை நாலு இடத்தில் அமுக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, காற்றுதான், தாய்ப்பால் மட்டும் கொடு என்றார். சீட்டில் எதுவும் எழுதவில்லை. கனி என்ற நர்சம்மா இராமலட்சுமியை ஓரத்து பெஞ்சுக்குக் கூட்டிப்போனார்.

"நல்லாத் தண்ணி குடிக்கிறியா?"

"கொறையாக் குடிக்கச் சொல்றாங்க சிஸ்டர்."

"யாரு சொல்றது? நல்லாக் குடி. பால் குடுத்ததும் படுக்கப் போடாத. இங்க பாரு." பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினார். "இதுக்கும் வரலைன்னா இப்படி."

பிள்ளையைத் தன் முன்னங்கையில் குப்புறப் போட்டார். தலை முழங்கை மடிப்பில். கால்கள் இரண்டு பக்கமும் தொங்கின. நடந்தார். ஏப்பம் வந்தது.

இராமலட்சுமி அதைப் பார்த்தாள். பிறகு கதவோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அப்பனைப் பார்த்தாள்.

"இதுதானா?" என்றாள், வெளியே வந்ததும். "இம்புட்டுத்தானா? இதுக்கா ஒரு நாள் பூரா அலைய விட்ட? இத நீ வீட்டுல சொல்லியிருக்கக் கூடாதா?"

"வந்தவுகளுக்கெல்லாம் சொன்னேன்" என்றார் வேல்சாமி. "நீ கேட்டா நம்புவியா?"

அவள் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. நான்கு நாளாகத் தூங்காதவள். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் அவள் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தது. பிள்ளை மடியிலிருந்து சரிந்தது. மறுபடி அழத் தொடங்கியது. அவள் கண்ணைத் திறக்காமல் பிள்ளையை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"பிடிய்யா. சாகப்போறேன் தூக்கத்துல."

அவர் கை பின்னால் போக இடமில்லை. பிள்ளை அவர் முன்னங்கையில் குப்புற விழுந்தது. வயிறு எலும்பில் பட்டு அமுங்கிக் கொடுத்தது. பஸ் குலுங்கியது. அவர் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. இரண்டு மைலுக்குள் அழுகை முனகலாக ஆனது. முனகலும் நின்றது. தலை முழங்கை மடிப்பில் பாரமாக இறங்கியது.

வேல்சாமி குனிந்து பார்த்தார். முகம் தெரியவில்லை. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். ஜன்னல் காற்று அடித்ததில் மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. உடைமுள் மரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அவர் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு பிள்ளையின் குதிகாலை நகத்தால் சுண்டினார்.

பிள்ளை வீறிட்டது.

இராமலட்சுமி விழித்தாள். "என்ன? என்ன செஞ்ச?"

"ஒண்ணுமில்ல. தூங்கு."

அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு தூங்கிவிட்டாள். பிள்ளை கொஞ்ச நேரம் அழுதுவிட்டு மறுபடி அடங்கியது. அவர் குதிகாலைக் கையில் பிடித்துக்கொண்டார்.

முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "தூங்குற பிள்ளைய ஏன்யா எழுப்புற?"

அவர் மறுபடி சுண்டினார்.

"அழட்டும் தாயி" என்றார்.